மழைக்கு முன் வரட்டும்

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள் நம் பெரியோர். உப்பை விளைவிப்பவரை நாம் நினைப்பதுண்டா? 1930-ல் ராஜாஜியும் தொண்டர்களும் வேதாரண்யத்தில் உப்பள்ளிச் சிறை புகுந்தார்கள். 1947-ல் உப்பு வரி ஒழிந்தது. விழுப்புரம் ஜில்லா மரக்காணத்தில் பாத்தி மிதிப்பவரின் வறுமை மட்டும் ஒழிந்தபாடில்லை.

வெயில் காய்ந்தால்தான் அவர்களுக்குக் கூலி. ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டால் பாத்திகள் குளமாகும். மார்கழி வரை கடன் வாங்கித்தான் அடுப்பெரிய வேண்டும். முன்பணத்துக்குக் கை நீட்டியவன் கோடையில் கூலி பேச வாயேது?

இதை உத்தேசித்தே, உப்பளத் தொழிலாளருக்கு மழைக்கால நிவாரணமாக ஆண்டுக்கு 5,000 ரூபாய் அளிக்கத் தமிழ்நாடு சர்க்கார் 2022-ல் ஏற்பாடு செய்தார்கள். 2023 செப்டம்பர் 15-ல் குடும்பத் தலைவியருக்கு மாதம் 1,000 ரூபாய் உரிமைத் தொகையும் காஞ்சிபுரத்தில் ஆரம்பமாயிற்று.

ஏழைக்குக் காசு கொடுத்தால் குடித்துத் தொலைப்பான் என்று சொல்லும் கனவான்கள் நம்மிடையே உண்டு. உலக வங்கி ஆராய்ச்சியாளர் 2014-ல் பல தேசத்து ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தார்கள். இத்தகைய உதவியால் குடியும் புகையிலையும் பெருகியதாகக் காணவில்லை.

5,000 ரூபாயை மூன்று மாதத்துக்குப் பங்கிட்டால் நாளொன்றுக்குச் சுமார் 54 ரூபாய். சிறிய தொகைதான். ஆயினும் மழைக்குப் பின் வந்தால் அது வட்டிக்குப் போகும். மழைக்கு முன் வந்தால் உலைப்பானைக்குப் போகும். எனவே புரட்டாசி முடிவதற்குள் பட்டுவாடா நடந்தாக வேண்டும். தின்ற உப்புக்கு நாம் செலுத்த வேண்டிய கடன் இது.