பிரிக்கும் முன் கொஞ்சம் மூச்சைப் பார்!



பழைய கார் ஒன்று ஷெட்டுக்குள் நுழைகிறது. பானெட்டைத் தூக்கினால் வால்வு கவரைச் சுற்றி ஆயில் கசிவு. ஆயில் மூடியைக் கழற்றினால் குபுகுபுவென்று புகை. உடனே தீர்ப்பு வந்துவிடும்: "ரிங் போச்சு சார்... என்ஜினை இறக்கணும், ரீபோர் அடிக்கணும்!" விசாரணை கிடையாது, சாட்சி கிடையாது, நேராகத் தண்டனைதான். மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதை! இந்தப் பழக்கத்தை நம் தலைமுறையாவது விட வேண்டும் என்பது என் கட்சி.

ஏன் என்று சொல்கிறேன். புத்தம் புது என்ஜினிலும்கூடக் கொஞ்சம் வாயு பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டி கிராங்க்கேஸுக்குள் இறங்கத்தான் செய்யும். எரியாத பெட்ரோல் ஆவி, எரிந்த புகை, நீராவி எல்லாம் கலந்த இதைத்தான் புளோபை என்கிறோம். உள்ளே வந்தது வெளியே போக வழி வேண்டாமா? அந்தக் காலத்தில் ஒரு குழாயை ரோட்டைப் பார்த்துத் தொங்கவிட்டார்கள். ஊர்க் காற்று கெட்டது. அதனால் 1961 மாடல் கார்களில் கலிபோர்னியாவிலும், 1963 மாடலிலிருந்து அமெரிக்கா முழுவதும், அந்த வாயுவை இன்டேக் மேனிஃபோல்டுக்கே திருப்பி எரித்துவிடும் பி.சி.வி. முறை வந்தது. ஐடிலில் மேனிஃபோல்டு வேக்குவம் அதிகம், அப்போது பி.சி.வி. வால்வு கொஞ்சமாகத் திறக்கும். லோடு ஏறும்போது வேக்குவம் குறையும். ஸ்பிரிங் தள்ள, வால்வு அதிகமாகத் திறக்கும். சில பழைய கார்களில் வால்வே கிடையாது. கவரிலிருந்து ஏர் கிளீனருக்கு ஒரு ரப்பர் குழாய் மட்டும்தான்.

இந்த வழி கரிச்சேற்றால் அடைத்துக்கொண்டால் என்ன ஆகும்? உள்ளே அழுத்தம் ஏறும். கேஸ்கெட் வழியே, கிராங்க் ஆயில் சீல் வழியே ஆயிலைத் தள்ளும். டிப்ஸ்டிக்கையே மேலே தூக்கிவிடும். ரிங் தேய்ந்தாலும் ஏறக்குறைய இதே அடையாளங்கள்தான். ஆக, கேள்வி இரண்டு: வாயு அளவுக்கு மீறி வருகிறதா? அல்லது போகும் வழி அடைபட்டதா? முதலாவதற்கு என்ஜினை இறக்க வேண்டும். இரண்டாவதற்கு ஒரு குழாயும் கொஞ்சம் மண்ணெண்ணெயும் போதும்!

சென்ற தீபாவளி விடுமுறையில் நடந்ததைச் சொல்கிறேன். என் சித்தப்பா ஒரு பழைய பெட்ரோல் அம்பாசிடர் வைத்திருக்கிறார். 2014-ல் அந்தக் காரின் உற்பத்தியே நின்றுவிட்டாலும், மாப்பிள்ளை அழைப்புக்கு அதைத்தான் கேட்டு வருகிறார்கள். அவர் குடும்பத்துக்கு அதுதான் சோறு. ஆயில் ஒழுகுகிறது என்று ஒரு பட்டறையில் காட்டினால், 30,000 ரூபாய் ஆகும் என்று சொல்லிவிட்டார்கள். "டேய் தம்பி, நீ டிப்ளமோ படிக்கிறியே, நீ சொல்லு... பிரிக்கலாமா வேணாமா?" என்றார். "ஒரு நாள் பொறுங்க சித்தப்பா, அளந்து பார்த்துடுவோம்" என்றேன்.

நம் ஹைட்ராலிக்ஸ் லேபில் பரீட்சைக்காக மட்டும் தொட்டுப் பார்க்கும் மானோமீட்டர் இருக்கிறதே, அதைத்தான் செய்தேன். கொத்தனார் மட்டம் பார்க்கும் டியூப் இரண்டு மீட்டர். 'யு' மாதிரி வளைத்துப் பலகையில் கட்டி, பாதிக்குத் தண்ணீர் விட்டு, ஒரு முனையை டிப்ஸ்டிக் துளையில் காற்றுப் போகாமல் செருகினேன். என்ஜின் சூடானதும் ஐடிலில் தண்ணீர் மறுபக்கம் நாலு விரற்கடை ஏறி நின்றது. பிரீதர் குழாயைக் கழற்றினால், உள்ளே கெட்டி வெண்ணெய் மாதிரி கரிச்சேறு! கழுவி, வெடித்த குழாயை மாற்றி மறுபடி பார்த்தோம். தண்ணீர் இரு பக்கமும் ஏறக்குறைய சமமாக நின்றது.

அதோடு விடவில்லை. பிளக்குகளை எல்லாம் கழற்றி, இக்னிஷனைத் துண்டித்து, திராட்டிலை முழுக்கத் திறந்து கம்ப்ரஷன் பார்த்தோம். மூன்றாவது சிலிண்டர் கொஞ்சம் குறைவு. அதில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டதும் ஏறியது. அப்படியானால் ரிங் தேய்மானம். ஏறாமல் இருந்திருந்தால் வால்வையோ ஹெட் கேஸ்கெட்டையோ சந்தேகப்பட வேண்டும். ஆக, ரீபோர் ஒருநாள் வேண்டியதுதான். ஆனால் இன்றைக்கே வேண்டியதில்லை. முகூர்த்த சீசன் முடிந்து, கையில் காசு சேர்ந்த பிறகு செய்துகொள்ளலாம் என்று சித்தப்பா முடிவு செய்தார். அந்த அவகாசத்தைக் கொடுத்தது இரண்டு மீட்டர் டியூப்!

பி.சி.வி. வால்வு உள்ள காராக இருந்தால் இன்னும் சுலபம். ஐடிலில் வால்வைக் கவரிலிருந்து பிடுங்கி விரலால் மூடினால் இழுப்பு தெரிய வேண்டும். இழுப்பு இல்லையென்றால் வால்வோ குழாயோ அடைப்பு. ஆயில் மூடியை எடுத்துவிட்டுத் துளைமேல் ஒரு காகிதம் வைத்தால், நல்ல என்ஜின் அதைச் சற்று நேரத்தில் இழுத்துக்கொள்ளும்; தூக்கி எறிந்தால் மேலே ஆராய வேண்டும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் நீலப்புகை விட்டு நின்றுவிட்டால் வால்வு சீலைப் பாருங்கள். ஏற்றத்தில் லோடோடு ஏறும்போது விட்டால் ரிங்கைப் பாருங்கள். மூடிக்கு அடியில் மஞ்சள் நுரை கண்டதும் ஹெட் கேஸ்கெட் என்று கத்தாதீர்கள். குறுகிய தூரமே ஓடும் காரில் நீராவி வெளியேறாமலும் அப்படி வரும்.

"மேஸ்திரிமார் காதாலேயே கண்டுபிடிப்பார்களே, இதெல்லாம் எதற்கு?" என்று கேட்கலாம். அந்தக் காதுக்கு நான் கும்பிடு போடுகிறேன். ஆனால் அந்தக் காது வர இருபது வருஷம் ஆகும். நமக்கு இருப்பது மூன்று வருஷப் படிப்பும் ஒரு மானோமீட்டரும். அதோடு, காது சொன்னதை வண்டிக்காரரிடம் காட்ட முடியாது. தண்ணீர் ஏறினதை அவரே கண்ணால் பார்ப்பார். நம்பிக்கை அங்கேதான் பிறக்கிறது.

நம் ஒர்க்‌ஷாப்பில் என்ஜினைப் பிரிக்கிறோம், மாட்டுகிறோம், படம் வரைந்து ரெக்கார்டில் கையெழுத்து வாங்குகிறோம். ஓடுகிற என்ஜினில் கோளாறு கண்டுபிடிக்க எத்தனை பிராக்டிகல் வைத்தோம்? ஆகவே நம் மாணவர் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். துறைத் தலைவரிடம் கேட்டு, ஓடும் நிலையில் ஒரு பழைய பெட்ரோல் என்ஜினை ஷெட்டில் நிறுத்துங்கள். வாரம் ஒரு கோளாறை ஒரு குழு வைக்கட்டும். இன்னொரு குழு பிரிக்காமல் கண்டுபிடிக்கட்டும். பழைய என்ஜின் படிப்பு வீண் என்று நினைக்காதீர்கள். 2020 ஏப்ரலில் வந்த பி.எஸ். 6 பெட்ரோல் காரிலும் பிஸ்டனும் ரிங்கும் உண்டு. கிராங்க்கேஸ் மூச்சுவிடத்தான் வேண்டும்.

ஸ்பேனரை எடுக்க ஒரு நிமிடம் போதும். அதற்கு முன்னால் அளக்கப் பத்து நிமிடம் செலவழிப்போம். அடுத்தவர் வியர்வைக் காசுக்கு நாம் கொடுக்கும் மரியாதை அதுதான், நண்பர்களே!