பின் டயருக்கு எவ்வளவு அகலம் உசிதம்?

ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கித் தம் மனத்துக்கு உகந்தபடி மாற்றியமைக்கப் புகும் அன்பர்களில் பலர், முதற்காரியமாகப் பின்சக்கரங்களில் அகன்ற டயர்களை ஏற்றிவிடுகிறார்கள். அதனால் காருக்கு ஒரு கம்பீரம் உண்டாகிறது என்பதை மறுப்பதற்கில்லை; ஆயினும், எந்த அச்சின்மேல் எவ்வளவு பாரம் விழுகிறது என்பதை ஆராயாமல் அகலத்தை நிர்ணயிப்பது அந்த யந்திரத்தின் சுபாவத்துக்கே விரோதமானது என்பது என் திடமான அபிப்பிராயம்.

போர்ஷே நிறுவனம் 1973ஆம் வருஷத்து மாடலாக வெளியிட்ட 911 கரேரா ஆர்.எஸ். காரில் முன்னே 185 மில்லிமீட்டர், பின்னே 215 மில்லிமீட்டர் அகலமுள்ள டயர்கள் இருந்தன. எஞ்சின் பின் அச்சுக்கும் அப்பால் அமைந்திருந்தமையால் பாரத்தின் பெரும்பகுதி பின்சக்கரங்களையே சார்ந்ததாலும், வளைவில் ஆக்ஸிலேட்டரிலிருந்து சட்டென்று காலை எடுத்தால் பின்புறம் வெளியே வீசிவிடும் குணம் 911க்கு இயல்பாகவே இருந்ததாலும், அந்த வித்தியாசத்துக்குத் தக்க காரணம் இருந்தது. 1989இல் மாஸ்டா வெளியிட்ட எம்.எக்ஸ்-5 காரிலோ, பாரம் இரண்டு அச்சுகளுக்கும் ஏறக்குறையச் சமமாகப் பங்கிடப்பட்டிருந்தபடியால் நான்கு சக்கரங்களுக்கும் 185 மில்லிமீட்டர் டயரே போதுமானதாயிற்று. இத்தகைய காரில் பின்னால் மட்டும் அகலத்தைக் கூட்டினால், வளைவில் முன்சக்கரங்களே முதலில் பிடிப்பை இழக்கும். ஸ்டீரிங்கை எவ்வளவு திருப்பினாலும் கார் வெளிப்புறத்தையே நாடிச் செல்லும். எந்தச் சமநிலைக்காக அந்தக் காரை விரும்பி வாங்கினோமோ, அதையே நம் கையால் கெடுத்தவர்களாவோம்.

விட்டத்தையும் கவனிக்க வேண்டும். 205/55 ஆர் 16 (அதாவது, 205 மில்லிமீட்டர் அகலமும், அதில் 55 சதவீதப் பக்கச்சுவர் உயரமும், 16 அங்குல ரிம்மும் உள்ள) டயருக்குப் பதில் 225/55 போட்டால் சக்கரத்தின் விட்டம் 22 மில்லிமீட்டர் கூடிவிடுகிறது. 225/50 போட்டால் ஏறத்தாழ மாறாமல் நிற்கிறது. நான்கு சக்கரங்களின் சுழற்சியையும் ஒப்பிட்டு இயங்கும் ஏ.பி.எஸ். முதலிய சாதனங்களுக்கு விட்டத்தில் நேரும் மாற்றம் அற்ப விஷயமன்று. ரிம்மின் அகலம் டயருக்குப் பொருந்தாவிட்டால் பக்கச்சுவர் பிதுங்கி உறுதி குன்றும். மழைக்காலத்திலோ, அகன்ற டயர் அதிக நீரை விலக்க வேண்டியிருப்பதால், தேங்கிய நீர்மேல் மிதந்து வழுக்கும் அபாயமும் மிகுகிறது.

ஆகையால், பிடிப்பு போதவில்லை என்று கருதுபவர் முதலில் அதே அளவில் உயர்ந்த ரகமான டயரைப் போட்டு ஓட்டிப் பார்ப்பது நலம். அதன் பிறகும் அகலம் தேவைப்பட்டால், நான்கு சக்கரங்களுக்கும் சேர்த்தே கூட்ட வேண்டும். எஞ்சினின் சக்தியைப் பெருக்கியதால் பின்சக்கரங்கள் உண்மையாகவே நிலைகொள்ளாமல் சுழல்கின்றன என்று கண்ட பின்னரே, பின்னுக்கென்று தனி அகலத்தை யோசிப்பது விவேகம்.