சிறுதொகையும் சிறுகாடும்

குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என நிலங்களைச் செடிகொடி மரங்களின் பெயரால் அழைத்த மொழி நம்முடையது. குறிஞ்சிப்பாட்டில் கபிலர் 99 பூக்களின் பெயர்களை அடுக்கியுள்ளார். அப்பெயர்களைத் தடையின்றி ஒப்பிக்கும் மாணவர் பலரை வகுப்பறையில் கண்டிருக்கிறேன். அவற்றுள் பத்தினை நேரில் பார்த்து அடையாளம் காட்டக்கூடியவரைக் கண்டது அரிது. அந்த அரியவர் வரிசையில் நானும் இல்லை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

இக்குறையைப் போக்கப் பெருந்திட்டம் எதுவும் வேண்டியதில்லை. ஒவ்வொரு மேல்நிலைப் பள்ளியிலும், தம் ஊரின் தாவரங்களையும் அவற்றின் வாழிடங்களையும் ஆராய முன்வரும் ஒரு மாணவர் குழுவுக்கு ஆண்டுதோறும் 5,000 ரூபாய் நிதிநல்கை வழங்கினால் போதும் என்பது என் கருத்து.

இக்கருத்து என்னுள் வேரூன்றியது பத்தாண்டுகளுக்கு முன்பு. மரக்காணத்தை அடுத்த கடலோரச் சிற்றூர் ஒன்றிலிருந்து மாணவி ஒருவர் எங்கள் பள்ளிக்கு வந்து பயின்றார். அவ்வூர்க் கோயிலை ஒட்டி ஒரு தோப்பு உண்டு. திருவிழாவுக்கு வருவோர் அமர்வதற்காக, மரங்களின் அடியிலுள்ள புதர்களை வெட்டிச் சிமெண்டுத் தளம் அமைக்க ஊரார் முடிவு செய்தனர். அதில் தீய நோக்கம் ஏதுமில்லை. ஆயினும் அம்மாணவி, “ஐயா, அவையெல்லாம் என்ன செடிகள்?” என்று வந்து வினவினார். ஆசிரியர் அறையிலிருந்த எவருக்கும் விடை தெரியவில்லை.

பெற்றோர் ஆசிரியர் கழகத்திலிருந்து 1,500 ரூபாய் பெற்றுக் கொடுத்தோம். அவர் வாங்கியவை ஒரு கைலென்ஸ், நூல்கயிறு, முளைக்குச்சிகள், சில அட்டைகள். எஞ்சிய தொகை பேருந்துக் கட்டணத்துக்கே சரியாக இருந்தது. தோப்புக்குள் ஒரு மீட்டர் பக்கமுடைய 20 சதுரங்களைக் கயிற்றால் வகுத்து, ஒவ்வொன்றிலும் முளைத்திருந்தவற்றை எண்ணினார். பெயர் தெரியாதவற்றின் சிறுகிளைகளைப் பழைய செய்தித்தாளில் அழுத்தி உலர்த்தினார். மழைக்காலத்தில் தாளை நாள்தோறும் மாற்றாவிடில் பூஞ்சை பிடித்துவிடும் என்பதை முதல் வாரத்திலேயே இழப்பின் வழியாகக் கற்றுக்கொண்டார். உலர்ந்தவற்றைத் தாவரவியல் பேராசிரியர் ஒருவரிடம் காட்டிப் பெயர்களை உறுதிப்படுத்தினார்.

புதர் எனப்பட்டவற்றுள் பெரும்பாலானவை வீரை, காயா, உலக்கைப்பாலை ஆகியவற்றின் இளங்கன்றுகள்! சோழமண்டலக் கரையோரமெங்கும் ஒருகாலத்தில் பரவியிருந்த வறண்ட பசுமைமாறாக் காட்டுக்கு உரியவை அவை. வடகிழக்குப் பருவமழையை நம்பி, ஆண்டின் பெரும்பகுதியை வறட்சியில் கழித்தும், இலைப்பசுமை மாறாமல் நிற்கும் காடு அது. இன்று அதன் எச்சங்கள் பெரிதும் கோயில்காடுகளாகவே எஞ்சியுள்ளன. மேலே முதுமரங்கள் நிற்க, கீழே கன்றுகளை அகற்றிவிட்டால் அக்காடு அந்தத் தலைமுறையோடு முடிந்துவிடும். ஊர்க்கூட்டத்தில் மாணவியின் குறிப்பேடு படிக்கப்பட்டது. அதற்குள் மேற்குப் பகுதி வெட்டப்பட்டுவிட்டது. கிழக்குப் பகுதி தப்பியது.

இத்தகைய பணியை அறிஞர்கள் செய்யலாமே என்று கேட்போர் உளர். கேம்பிள் தொடங்கி ஃபிஷர் நிறைவு செய்த சென்னை மாகாணத் தாவர நூல் 1915 முதல் 1936 வரை பகுதி பகுதியாக வெளிவந்தது. எந்தத் தாவரம் எப்பகுதியில் வளரும் என்பதை அது கூறும். உங்கள் ஊர் ஏரிக்கரையில் இவ்வாண்டு எத்தனை கன்றுகள் பிழைத்தன என்பதை எந்நூலும் கூறாது. தமிழ்நாட்டில் 12 ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஊராட்சிகள் உள்ளன. அத்தனைக்கும் செல்ல எந்த ஆய்வு நிறுவனத்தாலும் இயலாது. 2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ப் பெருக்கச் சட்டம், உள்ளாட்சிதோறும் மேலாண்மைக் குழு அமைத்து மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு தயாரிக்க வழிசெய்கிறது. மாணவர் திரட்டும் தரவுகளுக்கு அதைவிடப் பொருத்தமான இடம் வேறில்லை.

மதிப்பெண்ணுக்கு உதவாத வேலை என்பது மற்றொரு மறுப்பு. அதை நான் முழுமையாக ஒதுக்கிவிட மாட்டேன். பதினோராம் வகுப்பின் நெருக்கடியை அறிவேன். எனவேதான் குழுவாகச் செய்க, வாரத்துக்கு ஒரு முற்பகல் போதும் என்கிறேன். பணம் வீணாகிவிடும் என்னும் அச்சத்துக்கோ மதிப்பில்லை. 5,000 ரூபாயில் வீணாவதற்கு என்ன இருக்கிறது?

நல்கையோடு இரண்டு கட்டுப்பாடுகள் இருத்தல் வேண்டும். ஊராரின் இசைவின்றித் தோப்பில் கால்வைக்கலாகாது. ஒரே ஒரு செடி மட்டும் இருப்பின் அதன் கிளையை ஒடிக்காமல் ஒளிப்படத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

அம்மாணவி ஒப்படைத்த கணக்கேட்டில் பயணச்சீட்டுகள் நாள்வாரியாக ஒட்டப்பட்டிருந்தன. மீதித் தொகை 38 ரூபாய் ஓர் உறையில் இருந்தது. “பொருள் ஒன்றும் வாங்கவில்லையே, எதைக் காட்டிக் கணக்கை முடிப்பது?” என்று அப்போது ஒருவர் கேட்டார். கிழக்குப் பகுதியின் கன்றுகளை மீண்டும் எண்ண வேண்டிய காலம் வந்துவிட்டது. அவர் வாங்கிய நூல்கயிறு எங்கள் ஆய்வகப் பேழையில்தான் இருக்கிறது.