கடலைக் காணச் செல்வோர் கரையைக் காண்கிறார்களா?

கடற்கரை காணச் செல்லுதல் நம்மவரிடையே பெருவழக்கமாய்விட்டது. பள்ளி விடுமுறை வந்தால் போதும். தோட்டத்திலிருந்தும் பட்டணத்திலிருந்தும் பஸ்களும் மோட்டார்களும் மோரிப்பிற்கும் போர்ட்டிக்சனுக்கும் புறப்படுகின்றன. மணலில் நடந்து சலித்தவர்கள் இப்பொழுது மீனவர் கம்பங்களையும் நாடுகின்றனர். கிள்ளான் துறைமுகத்தில் படகேறிப் பூலாவ் கெத்தாமுக்குச் செல்கின்றனர், செகிஞ்சானுக்குச் செல்கின்றனர், தைப்பிங்கிற்கு அப்பாலுள்ள கோலா செப்பெத்தாங்கிற்கும் செல்கின்றனர். உழைத்துக் களைத்த மக்கள் ஒருநாள் காற்று வாங்கச் செல்வதை நாம் குறை கூறவில்லை, வேண்டுவதே என்போம். ஆனால் சென்றவர்கள் எதைக் கண்டு திரும்புகிறார்கள்? அதுவே நம் கேள்வி.

சென்ற விடுமுறையொன்றில் ஒரு மீன்பிடித் துறையில் நாம் கண்டதை ஈண்டுக் கூறுவோம். நன்றாக உடுத்த நம்மவர் ஒருவர் குடும்பத்தோடு வந்திருந்தார். பலகைப் பாதையின் இருமருங்கிலும் நெத்திலி காய்ந்துகொண்டிருந்தது. அவர் மூக்கைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டே, தம் மகனைக் கட்டியிருந்த படகொன்றில் நிற்கவைத்துப் படம் பிடிக்க விரும்பினார். படகுக்குரியவர் ஒரு மலாய் முதியவர். வலையின் கிழிசலைப் பின்னிக்கொண்டிருந்தவர், எழுந்து வந்து, பையன் வழுக்கி விழாதபடி கைப்பிடித்து ஏற்றிவிட்டார். படம் எடுத்தாயிற்று. உடனே தந்தை மகனை நோக்கி, "ஒழுங்காகப் படிக்காவிட்டால் நீயும் இப்படித்தான் மீன் பிடிக்கப் போவாய்" என்றார். தமிழறியாத அம்முதியவர் புன்னகை புரிந்து தலையசைத்தார்.

நாம் தலைகுனிந்தோம். அம்மொழி நமக்குப் புதியதன்று. "படிக்காவிட்டால் பால்மரம் வெட்டத்தான் போவாய்" என்று நம் பிள்ளைகளுக்கு எத்தனை பேர் சொல்லியிருக்கின்றனர்! அதைக் கேட்டு வெட்கிய பிள்ளைகள் அல்லவோ இன்று தந்தையராய் நிற்கின்றனர்? பிள்ளைகள் படிக்க வேண்டும் என்பதில் நமக்கு இரண்டாவது கருத்தில்லை. ஆயினும், நம் தாய் தந்தையர்மேல் எறியப்பட்ட இழிசொல்லைப் பொறுக்கியெடுத்து மற்றோர் உழைப்பாளியின்மேல் எறிவதா படிப்பின் பயன்? தொழிலால் ஒருவனை இழிந்தவன் என்பதே சாதிப் புத்தி. கப்பலேறி வந்தபோது அதையும் மூட்டையில் கட்டிவந்தோம். இன்னும் அவிழ்த்துக் கொட்டினோமில்லை.

மூக்கை மூடியவர் வீடு திரும்பியதும் அதே நெத்திலியைச் சம்பலாக்கி உண்டிருப்பார். அதுவன்றி, "கரையெல்லாம் சேறு, குளிக்க இடமில்லை, வந்தது வீண்" என்றும் அவர் நண்பர்களிடம் சொல்லியிருக்கக்கூடும். மேற்குக் கரைக்குச் சென்று வருவோர் பலரும் கூறுவது இதுவே. ஆகவே அச்சேற்றைப் பற்றி ஒரு வார்த்தை.

மலாக்கா நீரிணையை நோக்கிய நம் மேற்குக் கரை பெரும்பாலும் சேற்றுக் கரை. அச்சேற்றில் நிற்பது பாக்காவ் காடு. தமிழில் அதற்கு அலையாத்தி என்று பெயர். இறாலும் மீனும் குஞ்சாயிருக்கையில் அதன் வேர்களுக்கிடையே ஒதுங்கி வளர்ந்து, பின்னர்க் கடல் சேர்கின்றன. கோலா செப்பெத்தாங்கைச் சூழ்ந்த மாத்தாங் காடு ஏறக்குறைய 40,000 ஹெக்டர் பரப்புடையது. நூறாண்டுகளுக்கு மேலாக முறைவைத்து வெட்டியும் மீண்டும் நட்டும் அதனைப் பேணி வருகின்றனர். மரம் கரிச்சூளைக்குப் போகிறது. நீர் மீனவனுக்குச் சோறிடுகிறது. அவ்வூரில் போர்ட் வெல்ட் என்னும் பழைய ரயில் நிலையத்தின் பெயர்ப்பலகை ஒன்றுண்டு. மலாயாவின் முதல் இருப்புப்பாதை 1885இல் தைப்பிங்கிலிருந்து அங்கேதான் வந்து முடிந்தது. அப்பலகையில் தமிழெழுத்தும் இருக்கிறது. அதன் முன் நின்று படம் பிடிப்போர் பலர். சேற்றுக்கரையில் தமிழ் ஏன் எழுதப்பட்டது, யாருக்காக எழுதப்பட்டது என்று கேட்போர் எத்தனை பேர்?

அச்சேற்றின் அருமை 2004 டிசம்பர் 26ஆம் நாள் தெரிந்தது. அன்று ஞாயிற்றுக்கிழமை. ஆழிப்பேரலை மோதி இந்நாட்டில் 68 பேர் மாண்டனர். அவர்களுள் பெரும்பாலோர் பினாங்கில் மாண்டவர். விடுமுறை நாளென்று கரைக்கு வந்திருந்த குடும்பத்தார் பலர். கெடாவில் கோத்தா கோலா மூடாவின் மீனவர் வீடுகள் நொறுங்கின. சிதைந்த படகுகளை அடுக்கி அங்கே நினைவுச்சின்னம் எழுப்பியுள்ளனர். பாக்காவ் அடர்ந்து நின்ற இடங்களில் அலையின் வேகம் தணிந்தது. பினாங்குக் கரையோர மீனவர்களோ, அப்பேரிடருக்குப் பல ஆண்டுகள் முன்னரே, 1990களிலேயே, சேற்றில் இறங்கிப் பாக்காவ் கன்றுகளை நட்டு வந்தவர்கள். படிக்காதவன் என்று நாம் எண்ணும் மனிதன் படித்திருந்த பாடம் அது.

சேற்றை வெறுத்து மணலை நாடியவர்கள் மணலையாவது காத்தனரா? கிழக்குக் கரையில், திரங்கானுவின் ரந்தாவ் அபாங் மணலில், தோல்முதுகுப் பேராமைகள் முட்டையிட வந்தன. 1950களில் ஆண்டொன்றுக்கு ஏறக்குறைய 10,000 கூடுகள் என்பது கணக்கு. காண்பதற்குக் கூட்டம் கூடிற்று. இருளில் கரையேறிய உயிரைச் சூழ்ந்து விளக்கடித்தனர். அதன் முதுகில் ஏறி அமர்ந்தோரும் உண்டு. முட்டைகள் சந்தைக்குப் போயின. பெரிய வலைகளில் சிக்கியும் ஆமைகள் மாண்டன. 2000ஆம் ஆண்டுக்குப் பின்னர் விரல்விட்டு எண்ணத்தக்க கூடுகளே காணப்பட்டன. கரையில் வாழ்வோர் குற்றமற்றவர் என்று நாம் வாதாடவில்லை. முட்டை எடுத்து விற்றவர் அவர்களுள் உண்டு. ஆனால் விலை கொடுத்து வாங்கித் தின்றவர் யார்? வேடிக்கை பார்க்கச் சென்றவர்களும் அன்றோ?

வேடிக்கைப் பொருளாக மட்டும் பார்க்கப்படும் இடத்துக்கு ஒரு தீங்கு காத்திருக்கிறது. அங்கே வாழ்பவர்களைக் கேளாமலேயே அதை மாற்றிவிடலாம் என்ற துணிவு பிறருக்கு வந்துவிடுகிறது. பினாங்குத் தீவின் தென்கரையில் சுங்கை பத்து, தெலுக் கும்பார் முதலிய மீனவர் ஊர்கள் உள்ளன. அவற்றின் முன்னே கடலைத் தூர்த்து, மூன்று தீவுகளாக 4,500 ஏக்கர் நிலம் ஆக்கத் திட்டமிட்டனர். அதற்கு 2019இல் கொடுக்கப்பட்ட சுற்றுச்சூழல் ஒப்புதல், மீனவர்களின் முறையீட்டின்பேரில் 2021 செப்டம்பரில் ரத்தாயிற்று. 2023இல் திட்டம் ஒரு தீவாகச் சுருங்கிற்று. ஆயினும் அவ்வாண்டு செப்டம்பரிலேயே தூர்க்கும் வேலை தொடங்கிவிட்டது. தங்கள் வலை விழும் இடத்துக்காக அம்மக்கள் ஆண்டுக்கணக்கில் போராடினர். அக்கரையில் அமர்ந்து இறாலும் நண்டும் உண்ட நம்மவருள் எத்தனை பேர் அச்செய்தியை முழுதும் படித்தனர்?

தோட்டத் தமிழர்களே, இக்கதையை நீங்கள் அறியீர்களா? துரையின் பங்களா மேட்டிலிருந்து பார்ப்பவனுக்கு நம் லயங்களும் ஒரு காட்சியாகவே இருந்தன. வரிசை வரிசையாய்ப் பால்மரம், இடையே சிறு வீடுகள், காலை வெளிச்சத்தில் வாளி சுமந்து செல்லும் பெண்கள்: படம் பிடிக்க அழகுதான். அந்த அழகு நம்மைக் காத்ததா? பேராங் பெசார் முதலிய தோட்டங்கள் இருந்த நிலத்தில் 1995 முதல் புத்ராஜெயா எழுந்தது. அங்கு மூன்று தலைமுறையாக உழைத்தவர்கள் டெங்கிலில் அடுக்குவீடுகளுக்குப் பெயர்ந்தனர். நாடெங்கும் இவ்வாறு பெயர்ந்த தோட்டங்கள் எத்தனையோ. அந்நாளில், "இது யாரோ தோட்டத்தாள் பாடு" என்று மோட்டாரில் கடந்து போனவர்களை நாம் நொந்துகொண்டோம். இன்று மோட்டாரில் இருப்பவர் நாம். கரையில் நிற்பவர் அவர்.

"அவர்கள் மலாய்க்காரரும் சீனரும், நம்மவரல்லரே" என்பார் சிலர். வீடிழந்த தோட்டத்தாளைப் பார்த்துப் பிறர் சொன்னதும் இதுவே. அச்சொல் அன்று தீது. இன்று நம் வாயில் வந்தால் மட்டும் நன்றாகுமா?

"முன்னேற்றம் வேண்டாவா? தொழிற்சாலை வந்தால் வேலை கிடைக்குமே" என்பார் வேறு சிலர். வேண்டும். வேலைக்கு நாம் பகைவரல்லோம். ஆனால் ஒருவனுடைய பிழைப்பை எடுத்து மற்றொருவனுக்குக் கொடுப்பது முன்னேற்றமாயின், இழப்பவனை முதலில் கேட்க வேண்டும். இழப்புக்கு ஈடு கொடுக்க வேண்டும். கொடுத்த வாக்கை எழுத்தில் தர வேண்டும். நாம் தோட்டங்களில் கேட்டதும் இதற்கு மேல் அன்று.

"ஒருநாள் போய்வருவோர் என்ன செய்ய முடியும்?" என்பது மூன்றாவது சமாதானம். செய்யக்கூடியவை உண்டு. கொண்டுபோன குப்பையைத் திரும்பக் கொண்டுவரலாம். படகுக்குரியவரைக் கேட்டுப் படகில் ஏறலாம். அவர் மொழி நமக்குத் தெரியும். எந்தக் காற்றில் வலை வீசுகிறீர், நவம்பரிலிருந்து மார்ச்சு வரை வடகிழக்குப் பருவக்காற்றில் கிழக்குக் கரையார் எதைக்கொண்டு வாழ்கின்றனர் என்று கேட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்லலாம். மீனை அவரிடமே நியாய விலைக்கு வாங்கலாம். பத்துக் காசுக்குப் பேரம் பேசாதிருக்கலாம். கரை தூர்க்கப்படும் செய்தி வந்தால், நம் சங்கங்களும் தொழிற்சங்கங்களும் அவர்களோடு நின்று ஒரு கையெழுத்தாவது இடலாம். இவற்றுள் எதற்கும் பெரும்பணம் வேண்டா.

இவ்விடுமுறையிலும் பஸ்கள் புறப்படும். நம் மக்கள் போகட்டும், குளிக்கட்டும், மகிழட்டும். ஆனால் பிள்ளையைப் படகில் ஏற்றிப் படம் பிடிக்கும் தந்தையரிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறோம். கைப்பிடித்து ஏற்றிவிட்டவருக்கு முதலில் நன்றி சொல்லுங்கள். பிறகு மகனிடம், "இவர் மீன் பிடிக்கிறார், உன் பாட்டன் பால்மரம் வெட்டினான், இருவர் உழைப்பிலும் இந்நாடு உண்டது" என்று சொல்லுங்கள். அதைக் கேட்டு வளரும் பிள்ளை நன்றாகவே படிப்பான். படித்தபின் மூக்கை மூடிக்கொள்ளவும் மாட்டான்.