உருண்டையும் வட்டமும்

ஜப்பானிய வீடியோ கேம் வடிவமைப்பாளர் கெய்தா தகாஹாஷி இருபது ஆண்டுகளுக்கும் மேலாக உருவாக்கிய விளையாட்டுகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒரு சந்தேகம் எழும். ஒன்றில் உருளும் உருண்டை கண்ட பொருளையெல்லாம் தன்மேல் ஒட்டிக்கொள்கிறது. இன்னொன்றில் புழுவைப் போன்ற ஒரு பையன் நீண்டுகொண்டே போகிறான். வேறொன்றில் கழிப்பறைத் தொட்டியும் சுஷியும் மூக்கும் கைகோத்து நிற்கின்றன. மூன்றிலும் அதே பளிச்சென்ற வண்ணங்கள், அதே மொட்டையான உருவங்கள், அதே குழந்தைத்தனமான சிரிப்பு. இதைக் கலைஞனின் முத்திரை என்றும் சொல்லலாம். ஒரே சரக்கை வேறு வேறு பொட்டலத்தில் கட்டித் தருகிறார் என்றும் சொல்லலாம். இரண்டில் எது பொருந்தும் என்று தெரிய, அந்த ‘ஒரே யோசனை’ எது என்பதை முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும்.

தகாஹாஷி 1975இல் பிறந்தவர். தோக்கியோவிலுள்ள முசாஷினோ கலைப் பல்கலைக்கழகத்தில் சிற்பம் பயின்றார். மாணவராக இருந்தபோது ஆட்டின் வடிவில் ஒரு பூந்தொட்டி செய்தார். செடிக்கு ஊற்றும் நீர் ஆட்டின் மடி வழியாக வடியும். பார்த்தவர்கள் சிரித்தார்கள். பயன்படும் பொருளும் சிரிக்கவைக்கும் பொருளும் ஒன்றாகவே இருக்கலாம் என்ற இந்தப் பாடம் அவருடைய பிற்காலப் படைப்புகள் எல்லாவற்றிலும் தென்படுகிறது. 1999இல் நாம்கோ நிறுவனத்தில் ஓவியராகச் சேர்ந்தார். கையால் மண் பிசைந்த சிற்பி கணினித் திரைக்கு வந்தபோது கதையையும் சண்டையையும்விடத் தொடுதலும் எடையும் வடிவமும்தான் அவர் மனத்தில் முன்னால் நின்றன.

2004 மார்ச்சில் ஜப்பானில் வெளியான ‘கதமாரி டமாஷி’ அந்த மனத்திலிருந்து பிறந்தது. கதமாரி என்றால் திரண்ட கட்டி; டமாஷி என்றால் ஆன்மா. பிரபஞ்சத்தின் அரசர் குடிபோதையில் வானத்து நட்சத்திரங்களை எல்லாம் உடைத்துவிடுகிறார். ஐந்து செண்டிமீட்டர் உயரமுள்ள இளவரசன் பூமிக்கு வந்து, ஒட்டும் உருண்டை ஒன்றை உருட்டி, அதில் சேரும் பொருள்களைக் கொண்டு புது நட்சத்திரங்களைச் செய்ய வேண்டும். விளையாடுபவர் செய்வதெல்லாம் கன்ட்ரோலரிலுள்ள இரண்டு குச்சிகளைக் கட்டைவிரல்களால் தள்ளுவதுதான். சுடுவதற்கோ குதிப்பதற்கோ தனிப் பொத்தான் தேவைப்படுவதில்லை.

பெரிய விளையாட்டுகளுக்குப் பல மடங்கு செலவிட்ட அந்தக் காலத்தில் இது பத்து லட்சம் அமெரிக்க டாலருக்கும் குறைவான செலவில் முடிந்தது. நாம்கோ நடத்திய பயிற்சிக்கூடத்தின் மாணவர்களும் இதில் வேலை செய்தார்கள். அமெரிக்காவில் அதே ஆண்டு இருபது டாலர் விலையில் விற்கப்பட்டது. வழக்கமான விலையில் அது பாதிக்கும் குறைவு. 2005இல் விளையாட்டு உருவாக்குநர்களே வாக்களித்து வழங்கும் விருதுகளில் சிறந்த வடிவமைப்புக்கான விருதைப் பெற்றது. 2012இல் நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் முதன்முறையாக வீடியோ கேம்களைத் தன் சேகரிப்பில் சேர்த்தபோது, தேர்ந்தெடுத்த பதினான்கில் இதுவும் ஒன்று.

பொருள்கள் ஒட்டிக்கொள்ளும் வேடிக்கை ஐந்து நிமிடத்தில் சலித்துவிடும். கதமாரி சலிக்காததற்குக் காரணம் அந்த வேடிக்கையைச் சுற்றிப் போட்ட வேலி. முதலாவது, கடிகாரம்: குறித்த நேரத்துக்குள் உருண்டை குறித்த அளவை எட்ட வேண்டும். இரண்டாவது, இழப்பு: தன்னைவிடப் பெரிய பொருளில் மோதினால் ஒட்டியவை உதிரும். மூன்றாவது, அளவின் மாற்றம். குண்டூசியும் காகிதக் கவ்வியும் பொறுக்கிக்கொண்டிருக்கும் உருண்டையைப் பூனை முட்டித் தள்ளும். சற்று வளர்ந்தபின் அதே பூனை உருண்டையில் ஒட்டிக்கொண்டு கத்தும். பிறகு மனிதர்கள், மாடுகள், வீடுகள், கடைசியில் தீவுகள். தடையாக இருந்தது இரையாக மாறும் அந்தக் கணத்தில்தான் விளையாட்டின் முழு இன்பமும் இருக்கிறது. அதற்கு உள்ளே ஒரு கேலியும் உண்டு: எதைக் கண்டாலும் வாரிச் சேர்க்கும் நுகர்வு வெறியின் வடிவம்தானே அந்த உருண்டை?

கதமாரி வெளியான அடுத்த ஆண்டே அதன் இரண்டாம் பாகம் வந்தது. தகாஹாஷிக்கு அதில் முதலில் விருப்பமில்லை; அவர் இல்லாமலே நிறுவனம் செய்துவிடும் என்ற நிலையில்தான் பொறுப்பேற்றார். அந்த மனத்தாங்கலையே அவர் கதையாக்கினார்: முதல் விளையாட்டின் ரசிகர்கள் வந்து ‘இன்னும் உருட்டுங்கள்’ என்று அரசரிடம் கேட்கிறார்கள். உருட்டுவது ஒன்றே என்றாலும் கட்டத்துக்குக் கட்டம் விதியை மாற்றினார். ஒன்றில் உருண்டையின் இடத்தில் சுமோ மல்லர். உணவுப் பொருள்களை ஒட்டிக்கொண்டு அவர் பருக்க வேண்டும். ஒன்றில் மின்மினிப் பூச்சிகளைச் சேர்த்துப் படிக்க வெளிச்சம் தர வேண்டும். ஒன்றில் எரியும் நெருப்பை அணையாமல் உருட்டிச் செல்ல வேண்டும். இன்னொன்றில் மாடோ கரடியோ எது முதலில் ஒட்டுகிறதோ அத்தோடு ஆட்டம் முடியும். ஆகவே பெரிய மாடு கிடைக்கும் வரை வழியில் தட்டுப்படும் சின்னச் சின்ன மாட்டுப் பொம்மைகளுக்கெல்லாம் ஒதுங்கிப் போக வேண்டும். எதைக் கண்டாலும் சேர் என்ற விளையாட்டு, எதையும் தொடாமல் போ என்று தலைகீழாகிறது.

அத்தோடு அவர் உருண்டையை விட்டுவிட்டார். நிறுவனம் விடவில்லை. கையடக்கக் கருவிக்கு 2005இல் ஒன்று, பிறகு 2007, 2009, 2011 ஆண்டுகளில் ஒவ்வொன்று, முதல் இரண்டு பாகங்களுக்கு 2018லும் 2023லும் மெருகேற்றிய மறுபதிப்பு, 2025இல் புதிய பாகம் என்று உருண்டை உருண்டுகொண்டே இருக்கிறது. இந்தப் புதிய பாகங்கள் எதிலும் தகாஹாஷியின் கை இல்லை. ஒரே யோசனையைப் பிடித்துத் தொங்குவது குற்றம் என்றால் அதில் பெரும்பங்கு உரிமையைக் கையில் வைத்திருக்கும் நிறுவனத்துக்கே சேரும்.

உருண்டையை விட்டவர் 2009இல் ‘நோபி நோபி பாய்’ என்ற விளையாட்டைத் தந்தார். பாய் என்ற பிராணியின் தலைப்பக்கத்தை ஒரு குச்சியும் வால்பக்கத்தை இன்னொரு குச்சியும் நகர்த்தும்; இரண்டையும் எதிரெதிராக இழுத்தால் உடல் நீளும். வழியில் கிடைப்பதை விழுங்கலாம், வீடுகளைச் சுற்றி வளைக்கலாம். இலக்கும் கடிகாரமும் தோல்வியும் இதில் கிடையாது. ஒவ்வொருவரும் நீட்டிய நீளம் கேர்ள் என்ற இன்னொரு பிராணியின் உடலோடு சேரும்; உலகெங்கும் விளையாடுபவர்களின் நீளமெல்லாம் கூடி, கேர்ள் பூமியிலிருந்து சந்திரனுக்கும் செவ்வாய்க்கும் அதற்கப்பாலும் நீண்டுபோனாள். ஒருவரும் தனியாகச் செய்ய முடியாத காரியத்தை ஊர் கூடி இழுக்கும் தேர்போல ஆக்கிய கற்பனை அபூர்வமானது. ஆனால் தேர் எங்கோ வானத்தில் நகர்ந்தது. கையில் பிடித்த வடத்தில் அந்த எடை தெரியவில்லை. தனியாக ஒருவர் விளையாடும் அரைமணி நேரத்தில் நீளுவதும் விழுங்குவதும் தவிர வேறெதுவும் நடப்பதில்லை.

2010இல் அவர் நாம்கோவை விட்டு வெளியேறினார். இசையமைப்பாளரான மனைவி அசுகா சக்காயுடன் ‘உவுலா’ என்ற சிறு நிறுவனத்தைத் தொடங்கினார். கனடாவின் டைனி ஸ்பெக் நிறுவனம் செய்த ‘கிளிட்ச்’ இணைய விளையாட்டில் சிறிது காலம் பணியாற்றினார். அது 2012இல் மூடப்பட்டது. அதே நிறுவனம்தான் பின்னர் அலுவலகங்கள் பயன்படுத்தும் ‘ஸ்லாக்’ செயலியைக் கொண்டுவந்தது. 2013இல் பதினாறு பொத்தான்கள் கொண்ட தனிக் கருவியோடு ஒரு கூட்டு விளையாட்டைச் செய்தார். 2022இல் ‘பிளேடேட்’ என்னும் சிறு கருவிக்குச் செய்த விளையாட்டில், பக்கவாட்டிலுள்ள கைப்பிடியைச் சுழற்றினால் காலம் முன்னும் பின்னும் ஓடும்; காதலியைச் சந்திக்கப் போகும் நாயகன் என்ன செய்தாலும் தாமதமாகவே போய்ச் சேருவான். இவற்றில் பொருள்களைச் சேர்க்கும் வேலை இல்லை. ஒரு கையசைவு, அதிலிருந்து பிறக்கும் ஒரு சிரிப்பு: ஆட்டின் மடியில் வடிந்த நீரின் தொடர்ச்சி இது.

இடையில் 2019 டிசம்பரில் வந்த ‘வாட்டம்’ தமிழர்கள் தனியாகக் கவனிக்க வேண்டியது. வட்டத்தைக் குறிக்கும் ஜப்பானியச் சொல்லான ‘வா’வையும் தமிழின் ‘வட்டம்’ என்ற சொல்லையும் பிணைத்து அந்தப் பெயர் வைக்கப்பட்டது. தமிழ்க் காதுக்கு அது சோர்வைக் குறிக்கும் ‘வாட்டம்’ என்று கேட்பது தற்செயல்; ஆனால் கதையின் தொடக்கம் அதற்கும் பொருந்துகிறது. உலகம் சிதறிப்போய், தலையில் தொப்பி வைத்த பச்சைநிற மேயர் ஒருவர் மட்டும் தன்னந்தனியாக அழுதுகொண்டிருக்கிறார். பிறகு கல், பூ, வாய், மூக்கு, சுஷி என்று ஒவ்வொருவராகத் திரும்பி வருகிறார்கள். கைகோத்து வட்டமாகச் சுற்றி, மேயரின் தொப்பிக்குள் இருக்கும் வெடி வெடித்தால் எல்லாரும் வானில் பறந்து சிரிக்கிறார்கள். கதமாரியிலும் பொருள்கள் சேர்ந்தன, ஆனால் அவற்றின் விருப்பத்தை யாரும் கேட்கவில்லை. வாட்டத்தில் ஒவ்வொரு பொருளுக்கும் முகமும் கையும் விருப்பமும் உண்டு. யோசனை அதே யோசனைதான். அதன் அறம் மாறிவிட்டது. குறையும் முந்தியதுதான்: யாரோடு யாரைக் கைகோக்க வைத்தாலும் பெரிதாக எதுவும் கெடுவதில்லை. ஆகவே சரியாகச் சேர்த்துவிட்ட நிறைவும் குறைவு.

2025 மே மாதம் வெளியான ‘டு எ டி’ இன்னொரு திசையில் போகிறது. கணினியில் முப்பரிமாண உருவங்களை முதலில் கைகளை இருபுறமும் நீட்டி நிற்கும் நிலையிலேயே வடிப்பார்கள். மூட்டுகளைப் பொருத்த அதுதான் வசதி. விளையாட்டில் பிழை நேர்ந்தால் பாத்திரம் சில சமயம் அந்த நிலையில் விறைத்து நிற்கும். தொழிலின் இந்தக் கேலிப்பொருளைத் தகாஹாஷி ஒரு பிள்ளையின் வாழ்க்கையாக்கினார். பதின்மூன்று வயதுப் பிள்ளையின் கைகள் எப்போதும் நீட்டியபடியே இருக்கின்றன. முகம் கழுவ வேண்டும், பல் துலக்க வேண்டும், பள்ளியில் கேலியைத் தாங்க வேண்டும். உதவிக்கு ஒரு நாய் இருக்கிறது. இங்கே யோசனைக்கு எதிர்விசை உடலிலேயே கிடைக்கிறது: கதவும் சட்டையும் கரண்டியும் தடை. ஆனால் அத்தியாயங்களாகப் போகும் கதை அந்தத் தடைகளை விரைவாகவே தாண்டிவிடுகிறது. விளையாடுபவர் தாமாகக் கண்டுபிடிக்க மிச்சம் வைப்பது கொஞ்சம்தான்.

ஒரே சரக்கைத் தருகிறார் என்ற குற்றச்சாட்டில் இரண்டு விஷயங்கள் குழம்பியிருப்பது இந்த வரிசையில் தெரிகிறது. விளையாட்டின் செயல்முறை ஒன்று. அது சுற்றிவரும் அக்கறை மற்றொன்று. செயல்முறையில் தகாஹாஷி ஒன்றையே பிடித்துக்கொண்டவர் அல்லர்: உருட்டுதல், நீட்டுதல், சுழற்றுதல், கைகோத்தல், விறைத்து நிற்றல் எல்லாம் தனித்தனி. அக்கறையில் அவர் மாறாதவர்: தனியாகக் கிடப்பவை எப்படி ஒன்றோடொன்று சேருகின்றன என்ற கேள்வியைச் சுற்றியே வருகிறார். இத்தகைய மாறாமை இந்தத் துறையில் புதிதல்ல. இன்னொரு ஜப்பானிய வடிவமைப்பாளரான ஃபுமிட்டோ உவேதா 2001, 2005, 2016 ஆண்டுகளில் செய்த மூன்று விளையாட்டுகளும் ஒரு துணையோடு கொள்ளும் உறவைப் பற்றியவையே. மலேசியாவின் மெட்ரோனொமிக் நிறுவனம் 2020இல் தந்த ‘நோ ஸ்ட்ரெய்ட் ரோட்ஸ்’ முழுவதும் இசை என்ற ஒரே யோசனையின்மேல் நிற்கிறது. ஆனால் எதிரிக்கு எதிரி இசைவகையும் தாளமும் மாறுவதால், ஆடுபவர் தாளத்தைக் காதால் பிடித்துத் தாக்குதலைத் தப்ப வேண்டியிருக்கிறது.

யோசனை ஒன்றாக இருப்பதால் விளையாட்டு வறண்டுபோகாது என்பதற்குச் சான்று தேடி மலேசியாவின் பினாங்கு மாநிலத்துக்காரர்கள் வெகுதூரம் போக வேண்டியதில்லை. கெப்பாலா பத்தாஸ் போன்ற ஊர்களில் தமிழர் வீட்டுப் பல்லாங்குழியும் மலாய்க்காரர் வீட்டுச் சொங்காக்கும் அடுத்தடுத்து வாழ்ந்தவை. இரண்டுக்கும் யோசனை ஒன்றே: குழியில் உள்ளதை அள்ளி, அடுத்தடுத்த குழிகளில் ஒவ்வொன்றாகப் போடுவது. சொங்காக்கில் இரு முனையிலும் சேமிப்புக் குழி உண்டு. தன் குழியைத் தாண்டும்போது ஒன்றைப் போட்டுக்கொண்டு போகலாம். பல்லாங்குழியில் ஒரு குழியில் நான்கு சேர்ந்தால் அது ‘பசு’, உரியவர் எடுத்துக்கொள்வார். அந்தச் சின்ன விதி ஒன்றால் கணக்கு, தந்திரம், பொறுமை எல்லாமே வேறாகிவிடுகின்றன. ஆப்பிரிக்காவிலிருந்து தென்கிழக்காசியா வரை இதே அள்ளிப் போடும் யோசனை நூற்றுக்கணக்கான ஆட்டங்களாகப் பிரிந்திருக்கிறது. குழி ஒன்றுதான், விதிதான் ஆட்டத்தைப் பிறப்பிக்கிறது.

இந்த அளவுகோலை வைத்தால் தகாஹாஷியின் பலமும் பலவீனமும் ஒரே இடத்தில் வந்து நிற்கும். கதமாரியின் இரண்டு பாகங்களிலும் வினோதமான யோசனைக்குக் கடிகாரமும் இழப்பும் அளவும் எதிர்நின்றன. யோசனை அவற்றோடு மல்லுக்கட்டி வளர்ந்தது. பின்னால் வந்தவற்றில் அவர் அந்த வேலியைத் தளர்த்திக்கொண்டே போனார். குழந்தை மண்ணில் விளையாடுவதைப்போல விளையாட்டு சுதந்திரமாக இருக்க வேண்டும் என்ற நோக்கில் அது புரிந்துகொள்ளக்கூடியதே. ஆனால் மண்ணில் விளையாடும் பிள்ளை தன் விதிகளைத் தானே போட்டுக்கொள்ளும். கன்ட்ரோலரைக் கையில் பிடித்தவருக்கு அவற்றை வடிவமைப்பாளர்தான் தர வேண்டும். ஆகவே அவர் ஒரே யோசனையை அதிகம் நம்புகிறார் என்பது பாதி உண்மை. யோசனை தரும் முதல் சிரிப்பே போதும் என்று நம்பி, அதற்குப் பின் வரவேண்டிய விதியைக் குறைத்துவிடுகிறார் என்பதே மறுபாதி. அவருடைய சிறந்த இரண்டு விளையாட்டுகளும் விதி இறுக்கமாக இருந்தவை என்பது அந்த மறுபாதிக்குச் சான்று.