மழை வரும் எண்டு சொன்னால் போதாது

வானிலை அறிக்கையைப் பற்றி எங்கட ஊர்களில ஒரு பழைய பகிடி இருக்கு. ரேடியோவில மழை எண்டு சொன்னால் நெல்லைக் காயப்போடலாம், வெயில் எண்டு சொன்னால் குடையை மறக்கக்கூடாது. எல்லோரும் சிரிப்போம், அதோட கதை முடிஞ்சிடும். ஆனால் ஒரு அறிக்கை பிழைத்தது என்று சொல்வதற்கு, முதலில் அது என்ன சொன்னது என்று தெரிந்திருக்க வேண்டும். எந்த இடத்தில்? எத்தனை மணிக்கு? எவ்வளவு மழை? எவ்வளவு நிச்சயத்தோடு? இந்த நாலு கேள்வியையும் நாங்கள் கேட்பதில்லை. கேட்காத வரைக்கும் அறிக்கை சரியா பிழையா என்று எவராலும் சொல்ல முடியாது. பகிடி மட்டும்தான் மிஞ்சும்.

இந்தக் கேள்விகளைத் தினமும் கேட்டே ஆகவேண்டிய ஒரு கூட்டம் இருக்கிறது. விமானம் ஓட்டப் பழகுகிற மாணவர்கள். அவர்களுடைய வானிலைப் பாடத்தை, பழகிக்கொண்டிருக்கும் நண்பர் ஒருவரின் கொப்பியில் இருந்து நாங்கள் வாசிக்கத் தொடங்கினோம். கலைப்பீடப் பிள்ளையளுக்கு இதில என்ன வேலை எண்டு கேட்கலாம். வாசிக்க வாசிக்கத்தான் விளங்கியது, இது விஞ்ஞானப் பாடம் மட்டுமில்லை, மொழிப் பாடமும்தான். தெரியாத ஒன்றைப் பற்றி நேர்மையாகப் பேசுவதற்கு உலகமே சேர்ந்து உருவாக்கிய ஒரு மொழி.

விமானிகள் பார்ப்பது முக்கியமாக இரண்டு அறிக்கைகள். ஒன்று மெட்டார். இந்த நிமிடம் விமான நிலையத்தில் வானம் எப்படி இருக்கிறது என்ற அவதானிப்பு, மணிக்கு ஒரு தடவையோ அரை மணிக்கு ஒரு தடவையோ வரும். மற்றது டாஃப். அது இனி வரப்போகும் மணித்தியாலங்களுக்கான எதிர்வுகூறல். இரண்டும் ஆங்கில எழுத்துகளும் எண்களும் கலந்த ஒரு குறியீட்டில் வரும். முதல் தடவை பார்க்கிற ஆளுக்கு யாரோ கீபோர்ட்டில் கையை வைத்து அழுத்தியது போலத்தான் தெரியும்.

பழகுவதற்காக நாங்களே எழுதிய ஒரு டாஃபை எடுப்போம். கட்டுநாயக்கவுக்கு, ஒக்டோபர் மாதத்தில் ஒரு நாள். ஒலிப்படி எங்கட எழுத்தில எழுதினால் இப்படி வரும்:

விசிபிஐ 190500இசெட் 1906/2012 24008கேரி 9999 எஸ்சிரி016 ப்ரொப்40 டெம்போ 1909/1913 3000 ரிஎஸ்ஆர்ஏ எஃப்ஈடபிள்யூ014சிபி

பயப்பட வேண்டாம், துண்டு துண்டாகப் பார்க்கலாம். விசிபிஐ என்பது கட்டுநாயக்க விமான நிலையத்தின் சர்வதேசக் குறியீடு. 190500இசெட் என்றால் 19ஆம் திகதி, உலகப் பொது நேரம் 5 மணிக்கு வெளியிடப்பட்டது. எங்களுக்கு ஐந்தரை மணித்தியாலம் கூட்ட வேண்டும், ஆகவே காலை 10.30. அடுத்தது செல்லுபடியாகும் காலம்: 19ஆம் திகதி 06 மணியிலிருந்து 20ஆம் திகதி 12 மணி வரை. எங்கட நேரத்தில் 19ஆம் திகதி முற்பகல் 11.30 முதல் அடுத்த நாள் மாலை 5.30 வரை, மொத்தம் 30 மணித்தியாலம். 24008கேரி என்றால் 240 பாகையிலிருந்து, அதாவது தென்மேற்கிலிருந்து, 8 நொட் வேகத்தில் காற்று. 9999 என்றால் பார்வைத்தூரம் 10 கிலோமீற்றர் அல்லது அதற்கு மேல். எஸ்சிரி016 என்றால் வானத்தை எட்டாகப் பிரித்தால் மூன்று, நாலு பங்கு முகில், 1,600 அடியில்.

இதுவரைக்கும் நல்ல நாள். அடுத்த துண்டில்தான் விசயம் இருக்கிறது. ப்ரொப்40 என்றால் 40 வீத நிகழ்தகவு. டெம்போ என்றால் தற்காலிகமாக. 1909/1913 எங்கட நேரத்தில் பிற்பகல் 2.30 முதல் மாலை 6.30 வரை. அந்த நேரத்துக்குள் இடியுடன் மழை வரலாம், பார்வைத்தூரம் 3,000 மீற்றருக்கு இறங்கலாம், 1,400 அடியில் இடிமுகில் கொஞ்சம் நிற்கலாம்.

இங்கே ஒவ்வொரு சொல்லுக்கும் வரைவிலக்கணம் இருக்கிறது. டெம்போ என்று போட்டால், அந்த நிலை ஒவ்வொரு தடவையும் ஒரு மணித்தியாலத்துக்குள் முடிய வேண்டும், எல்லாம் சேர்ந்தாலும் குறிப்பிட்ட காலத்தில் பாதிக்கும் குறைவாகவே இருக்க வேண்டும். நிகழ்தகவுக்கு 30, 40 என்ற இரண்டு எண்கள் மட்டும்தான். 30 வீதத்துக்குக் குறைந்தால் எழுத மாட்டார்கள். 50 வீதமோ அதற்கு மேலோ என்றால் 'வரலாம்' என்ற வேலிக்குப் பின்னால் ஒளியவும் விடமாட்டார்கள், நேரடியாகவே சொல்லிவிட வேண்டும். நிலைமை மாறினால் ஏஎம்டி என்ற குறியோடு திருத்தம் வரும். முந்தி சொன்னது மாறிவிட்டது என்று எல்லோருக்கும் தெரியும்படி, ஒளிவுமறைவில்லாமல்.

எங்கட வீடுகளில பஞ்சாங்கத்திலும் மழைபற்றிய பலன் இருக்கும். வருசத் தொடக்கத்தில் அச்சடித்தால் வருசம் முடியும்வரை அதுதான். வானம் என்ன செய்தாலும் பஞ்சாங்கத்துக்குத் திருத்தம் வராது. 30 மணித்தியால டாஃபோ ஆறு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை புதிதாக எழுதப்படுகிறது. சாத்திரத்துக்கும் எதிர்வுகூறலுக்கும் இடையில் உள்ள வித்தியாசத்தை இதைவிடச் சுருக்கமாகக் காட்ட எங்களுக்குத் தெரியவில்லை. தான் பிழைத்ததைக் கண்டுபிடிக்கும் வழியை எதிர்வுகூறலே எங்கட கையில தருகிறது.

சரி, இதை வைத்துப் பழகுநர் என்ன செய்வார்? கண்ணால் பார்த்துப் பறப்பவருக்குப் பார்வைத்தூரத்தின் பொதுவான கீழ் எல்லை 5 கிலோமீற்றர். 3,000 மீற்றர் என்றால் அவருக்கு அங்கே வேலை இல்லை. ஆகவே அவர் 'இண்டைக்கு மழை வருமோ' என்று கேட்பதில்லை. 'இரண்டரைக்கு முதல் நான் தரையில் நிற்பேனா, நிற்காவிட்டால் வேறு எங்கே இறங்குவேன், அதுவரைக்கும் எரிபொருள் இருக்கா' என்றுதான் கேட்கிறார். 40 வீதம் என்பது அவருக்கு ஒரு முடிவெடுக்கும் எண்.

இடத்தின் எல்லையும் அப்படித்தான். ஒரு டாஃப் விமான நிலையத்தையும் அதைச் சுற்றி ஏறத்தாழ 8 கிலோமீற்றரையும் பற்றித்தான் பேசுகிறது. அதற்கு அப்பால் வழியில் என்ன இருக்கும் என்று அது வாக்குக் கொடுக்கவில்லை. இது சின்ன விசயமில்லை என்பதற்கு, பறக்கப் பழகுவோர் உலகெங்கும் படிக்கிற விபத்து ஒன்று இருக்கிறது. 1999 ஜூலை 16 இரவு, முன்னாள் அமெரிக்க ஜனாதிபதியின் மகன் ஜோன் எஃப். கென்னடி ஜூனியர் தன் சிறிய விமானத்தில் மனைவியையும் மனைவியின் சகோதரியையும் ஏற்றிக்கொண்டு மார்த்தாஸ் வின்யார்ட் தீவுக்குப் பறந்தார். கருவிகளை மட்டும் நம்பிப் பறக்கும் தகுதி அவரிடம் இல்லை. கரையோர விமான நிலையங்கள் 5 முதல் 8 மைல் வரை பார்வைத்தூரம் இருப்பதாக அறிவித்திருந்தன. எண்ணைப் பார்த்தால் பறக்கலாம். ஆனால் அதே இரவில் அந்தப் பக்கம் பறந்த வேறு விமானிகள், கடலுக்கு மேலே புகார் காரணமாக அடிவானமே தெரியவில்லை என்று பிறகு விசாரணையில் சொன்னார்கள். இருட்டில் திசையுணர்வு குழம்பி விமானம் கடலில் விழுந்தது. மூவரும் இறந்தார்கள். அறிக்கை பொய் சொல்லவில்லை. அது நிலையங்களைப் பற்றிச் சொன்னது, அவர் பறந்தது நிலையங்களுக்கு இடையில்.

இனி எங்கட பக்கத்துக்கு வருவோம். பொதுமக்களுக்கான வானிலை அறிவித்தல்களைக் கேட்டுப் பாருங்கள். 'மாகாணத்தின் சில இடங்களில்', 'மாலையில் அல்லது இரவில்', 'சாத்தியம் காணப்படுகின்றது'. சில நாட்களில் மழையின் அளவை மில்லிமீற்றரில் சொல்கிறார்கள், சில நாட்களில் எத்தனை மணிக்குப் பிறகு என்றும் சொல்கிறார்கள். அது நல்லது. ஆனால் 'சில இடங்கள்' என்றால் எத்தனை இடம்? 'சாத்தியம்' என்றால் பத்து வீதமா எண்பது வீதமா? வட மாகாணம் என்றால் மன்னாரா முல்லைத்தீவா? நெல்லை வெட்டுவதா விடுவதா என்று நிற்கிற விவசாயிக்கும், விடியப்புறம் வள்ளத்தை இறக்குவதா என்று கரையில் நிற்கிற கடற்றொழிலாளிக்கும் அந்த மாணவ விமானியின் அதே கேள்விதான். எத்தனை மணிக்குள் நான் திரும்ப வேண்டும்? அவர்களுக்கு மட்டும் ஏன் 'சாத்தியம் காணப்படுகின்றது'?

ஆட்களுக்கு வீதக் கணக்கெல்லாம் விளங்காது என்று சிலர் சொல்லுவினம். இதை நாங்கள் ஏற்கவில்லை. இசெட் புள்ளியை நாலாம் தசமதானம் வரைக்கும் பார்த்து, எந்த மாவட்டத்துக்கு எந்தப் பீடம் கிடைக்கும் என்று வீட்டு வாசலில் இருந்து கதைக்கிற நாடு இது. மழை பெய்து நின்ற ஆட்டத்தில் இலக்கு எத்தனையாகக் குறையும் என்று தேத்தண்ணிக் கடையில் தர்க்கம் நடக்கிற நாடு. 40 வீதம் விளங்காது என்பது சொல்ல விரும்பாதவர்களின் சாட்டு.

எங்கட ஆட்களுக்குக் காற்று வாசிப்பும் புதிதில்லை. காற்று எங்கேயிருந்து வருகிறதோ அதை வைத்துத்தான் பெயர் வைத்தார்கள். வடக்குப் பக்கமிருந்து வந்தால் வாடை, கிழக்கிலிருந்து வந்தால் கொண்டல், தென்மேற்குப் பக்கமிருந்து வந்தால் சோளகம். மெட்டாரிலும் அதே முறைதான், காற்று போகும் திசையை எழுதுவதில்லை, வரும் திசையைத்தான் எழுதுவார்கள். கட்டுநாயக்கவிலும் இரத்மலானையிலும் ஓடுபாதையின் இரண்டு முனைகளிலும் 04, 22 என்று எழுதியிருக்கும். ஏறத்தாழ 40 பாகையும் 220 பாகையும், வடகீழ்ப் பருவக்காற்றும் தென்மேல் பருவக்காற்றும் வரும் பக்கங்கள். பலாலியில் 05, 23. ஏறும்போதும் இறங்கும்போதும் விமானம் காற்றை முகத்தில் வாங்க வேண்டும். ஆச்சிமார் பெயரால் சொன்னதை ஓடுபாதையில் இலக்கமாக எழுதி வைத்திருக்கிறார்கள்.

மொழிபற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அந்தக் குறியீட்டில் பிஆர் என்றால் மென்மூடுபனி. அது 'புறூம்' என்ற பிரெஞ்சுச் சொல்லில் இருந்து வந்தது. ஆங்கிலம் பேசுகிற மாணவர்களுக்கே அது பிடிபடாமல், 'பேபி ரெயின்' என்று வைத்து மனப்பாடம் செய்கிறார்களாம். கொழும்பில் படிக்கிறவரும் லண்டனில் படிக்கிறவரும் இந்தக் குறியீட்டைப் புதிதாகத்தான் படிக்க வேண்டும். வானத்துக்கு அது சரி. தரையில் இருக்கிறவர்களுக்கான எச்சரிக்கை அவர்கள் பேசுகிற மொழியில், அதே நிமிடத்தில் வரவேண்டும். சிங்களத்தில் காலையில் வந்து தமிழில் பின்னேரம் வந்தால், தமிழில் வந்ததற்குப் பெயர் எதிர்வுகூறல் இல்லை, செய்தி.

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலோடு வந்த வெள்ளத்திலும் மண்சரிவிலும் நூற்றுக்கணக்கான உயிர்கள் போயின. மலையகத்தில் முழு லயன்களும் வீடுகளும் மண்ணுக்குள் போன செய்திகளை நாங்கள் எல்லோரும் பார்த்தோம். ஒரு அறிவித்தலில் நேரமும் இடமும் தெளிவாக இருப்பதற்கும் இல்லாமல் இருப்பதற்கும் இடையில் என்ன தூரம் என்று இனி யாருக்கும் விளக்கத் தேவையில்லை.

இதில் எங்கட பங்கும் இருக்கு. மழைக்காலம் வந்தால் வட்ஸ்அப்பில் குரல்பதிவுகள் பறக்கும். 'நாளைக்குப் பெரிய புயல் அடிக்குமாம், எல்லாருக்கும் அனுப்புங்கோ.' நாளைக்கு என்றால் எந்த நாளைக்கு? அது போன வருசத்துப் பதிவாகவும் இருக்கலாம். மாணவ விமானி டாஃபில் முதலில் பார்ப்பது காற்றையோ மழையையோ இல்லை. எந்த இடம், எப்போது வெளியிட்டது, எதுவரை செல்லும், இதைத்தான் பார்ப்பார். காலாவதியான டாஃபை வைத்துக்கொண்டு யாரும் பறப்பதில்லை. அதே பழக்கம் எங்களுக்கும் வேண்டும். யார் சொன்னது, எப்போது சொன்னது, எந்த இடத்துக்கு, எந்த மணிக்கு, எவ்வளவு நிச்சயம், பிறகு திருத்தம் வந்ததா? ஆறு கேள்வி. இதில் இரண்டுக்குக்கூடப் பதில் இல்லாத குரல்பதிவை அனுப்பாமல் விடலாம்.

மெட்டாரும் டாஃபும் யாரும் இலவசமாக இணையத்தில் பார்க்கக்கூடியவை. ஒரு கிழமைக்குத் தினமும் கட்டுநாயக்கவின் டாஃபை எடுத்து, பின்னேரம் என்ன நடந்தது என்று மெட்டாரோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 40 வீதம் என்று சொன்ன நாட்களில் எத்தனை தடவை இடித்தது என்று கொப்பியில் குறியுங்கள். பிறகு எங்கட மாவட்டத்துக்கு வருகிற அறிவித்தலை எடுத்து அதே கேள்விகளைக் கேளுங்கள். பதில் இல்லாத இடங்களைக் குறித்து, அறிவித்தலை வெளியிடுகிறவர்களுக்கே எழுதி அனுப்புங்கள். நேரத்தோடும் இடத்தோடும் எண்ணோடும் எங்கட மொழியில் அறிவித்தல் கேட்பது சலுகை கேட்பது இல்லை. விமானம் ஏறாதவர்களுக்கும் வானம் ஒன்றுதான்.