கல்லுக்குப் பெயர் இடுமுன்

ஞாயிற்றுக்கிழமைகளில் மொன்ரே பெல்லெகிரினோ மலையேறிச் சாந்தா ரொசாலியாவை வணங்கித் திரும்புவோரும், மொன்டெல்லோ கடற்கரையில் பிள்ளைகளோடு பொழுது கழிப்போரும், கண்ணைக் கவர்ந்த கல்லொன்றைக் கையிலெடுப்பது இயல்பு. பச்சையாயின் மரகதம், மஞ்சளாய் மின்னினால் பொன் என்று உடனே பெயரும் இட்டுவிடுகிறோம். லிபெர்த்தாவில் வாழும் எம்மவர் சிலர் தாயகத்திலிருந்து கொண்டுவந்த கல்லையும் இவ்வாறே மாணிக்கமென நம்பிப் பேணி வருகின்றனர்.

வாசகர்களே, நிறத்தை மட்டும் நம்பிக் கல்லுக்குப் பெயர் இடலாகாது. ஒரே கனியம் பல நிறங்களிற் கிடைக்கும். பல கனியங்கள் ஒரே நிறத்திற் கிடைக்கும்.

இதற்கு எமது தாயகத்திலேயே சான்று உண்டு. கலை வரலாற்று அறிஞராக உலகம் போற்றும் ஆனந்த குமாரசுவாமி, முதலில் ஒரு புவிச்சரிதவியலாளர். 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிய ஆய்வுப் பகுதியின் பணிப்பாளராக விளங்கியவர். 1904 இல் சப்பிரகமுவையில், இரும்பைவிடக் கனத்த கரிய சிறு கற்களை அவர் கண்டறிந்தார். அவை யுரேனினைற் என்றே முதலிற் கொள்ளப்பட்டன. விண்டம் டன்ஸ்டன் என்னும் ஆங்கிலேய இரசாயனவியலாளர் பகுத்து ஆராய்ந்தபோதே, அவற்றின் பெரும்பகுதி தோரியம் என்பது புலனாயிற்று. தோரியனைற் என்னும் புதிய பெயர் அவ்வாறே பிறந்தது. இலங்கையின் பழுப்புநிற மணிக்கல் ஒன்றும் நெடுங்காலம் பெரிடொற் எனக் கருதப்பட்டு, 1952 இலேயே தனிக் கனியமென உணரப்பட்டுச் சின்ஹலைற் எனப் பெயர் பெற்றது. கற்றுத் தேர்ந்தவர்களுக்கே சோதனை தேவைப்பட்டதெனில், எமக்குச் சொல்ல வேண்டியதில்லை.

சட்டைப்பையில் அடங்கும் பொருட்களைக் கொண்டே நான்கு சோதனைகளைச் செய்யலாம்.

முதலாவது, கீறல். 1812 இல் பிரீட்ரிக் மோஸ் வகுத்த கடினத்தன்மை அளவுகோல் இன்றும் வழக்கிலுள்ளது. அதன்படி நகம் ஏறத்தாழ 2.5, உருக்குக் கத்தி 5.5, படிகக்கல் 7. நகம் கீறும் வெண்கல் ஜிப்சமாகலாம். நகத்துக்கு மசியாது கத்திக்கு மசிந்தால் கல்சைற் ஆகலாம். கண்ணாடியையே கீறுமாயின் படிகக்கல்லை எண்ணலாம்.

இரண்டாவது, உரசற் கோடு. ரைலின் மெருகிடாத பின்புறத்திற் கல்லை உரசுங்கள். பொன்போல் மின்னும் பைரைற், பச்சை கலந்த கறுப்புக் கோடிடும். உண்மைப் பொன் இடுவது மஞ்சட் கோடு.

மூன்றாவது, அமிலம். கத்தியாற் சுரண்டிய தூளில் ஒரு துளி வினாகிரி விடுங்கள். நுரைத்தால் அது சுண்ணாம்புக்கல்லின் இனம். மொன்ரே பெல்லெகிரினோ சுண்ணாம்புக்கல் மலை. அங்கே மாணிக்கம் தேடுதல் வீண்.

நான்காவது, பூதக்கண்ணாடி. கடற்கரை 'மரகதத்தினுள்' வட்டக் குமிழிகள் தெரிந்தால், அது அலையில் தேய்ந்த போத்தல் துண்டு.

இன்னொன்று: அக்ரிஜெந்தோ, கல்தனிசெத்தாப் பகுதிகளிற் காணும் இலேசான மஞ்சட் கல் கந்தகமாக இருக்கலாம். அதை நெருப்பிலிட்டுச் சோதியாதீர்கள். எழும் புகை நச்சுப் புகை.

இவற்றைவிட முக்கியமானது சட்டம். மொன்ரே பெல்லெகிரினோ பாதுகாக்கப்பட்ட இயற்கை ஒதுக்கிடம். அங்கிருந்து கற்களைப் பெயர்த்தெடுத்தல் கூடாது. கடற்கரை மணலையும் கூழாங்கற்களையும் அனுமதியின்றி அள்ளிச் செல்வதற்கும் அபராதம் உண்டு. கல்லில் உயிர்ச்சுவடு தென்பட்டால், 2004 ஆம் ஆண்டின் பண்பாட்டுச் சொத்துச் சட்டத்தின்படி அது அரசுக்கு உரியது. அதை இருந்த இடத்திலேயே விட்டு, 24 மணித்தியாலத்துக்குள் அதிகாரிகளுக்கு அறிவித்தல் வேண்டும். வதிவிட அனுமதி புதுப்பிக்கும் நாளை எண்ணி வாழும் எமக்கு, ஒரு கல்லின் பொருட்டு வழக்கும் விசாரணையும் வேண்டாத வினை.

ஆதலால் கண்ட இடத்திலேயே சோதித்து, இடத்தையும் நாளையும் குறித்துக்கொண்டு, கல்லை அங்கேயே விட்டு வாருங்கள். வீட்டில் ஏற்கெனவே இருக்கும் கற்களுக்கும் கிடைத்த இடத்தைத் துண்டில் எழுதி ஒட்டிவையுங்கள். ஐயந் தீராவிடின், கோர்சோ துகோரி வீதியிலுள்ள பல்கலைக்கழகத்தின் ஜெம்மெல்லாரோ புவிச்சரிதவியல் அருங்காட்சியகத்துக்குப் பிள்ளைகளையும் அழைத்துச் சென்று ஒப்பிட்டுப் பாருங்கள். விலைமதிப்புள்ளதெனத் தோன்றும் கல்லாயின், மணிக்கல் ஆய்வுகூடம் ஒன்றின் சான்றிதழ் கிடைக்கும்வரை அதை விற்கவும் வேண்டாம். பிறர் சொற்கேட்டு அத்தகைய கல்லை வாங்கவும் வேண்டாம். பிறர் வீட்டில் உழைத்துச் சேர்த்த பணம் போத்தல் துண்டுக்குப் போகலாகாது.